அச்சேறாத பக்கம்

வராமல் போன ஒரு விளம்பரம் மனதில் இவ்வளவு காலம் தங்கியிருப்பது எனக்கே விநோதமாகப் படுகிறது. 2025 பிப்ரவரியில் ‘வாஷிங்டன் போஸ்ட்’ நாளிதழின் மேல் ஜாக்கெட்டாக வரவேண்டியது அது. சிவப்புப் பின்னணி. கீழே வெள்ளை மாளிகை. அதற்கு மேலே வாய்விட்டுச் சிரிக்கும் எலான் மஸ்க்கின் தலை. இந்த நாட்டை நடத்துவது ட்ரம்பா, மஸ்க்கா என்று ஒரு கேள்வி. மஸ்க்கை வெளியே அனுப்புங்கள் என்று ஒரு கோரிக்கை. ‘காமன் காஸ்’ என்ற அமைப்பும் ‘சதர்ன் பாவர்ட்டி லா சென்டர்’ அமைப்பின் பிரசாரப் பிரிவும் சேர்ந்து கொடுத்தது. ஜாக்கெட்டுக்கும் உள்ளே ஒரு முழுப்பக்கத்துக்கும் சேர்த்து 1,15,000 டாலர் பேசியிருந்தார்கள். வெள்ளை மாளிகைக்கும் பென்டகனுக்கும் நாடாளுமன்றத்துக்கும் போகும் பிரதிகளில் ஜாக்கெட் வருவதாக ஏற்பாடு. வருவதற்குச் சில நாட்கள் முன்னால் நாளிதழ் பதில் சொன்னது: உள்பக்கம் போடுகிறோம், ஜாக்கெட் போட முடியாது. ஏன் என்று கேட்டதற்கு விளக்கம் கிடைக்கவில்லை. அமைப்புகள் இரண்டையும் திரும்பப் பெற்றுக்கொண்டன. செய்தியாளர்கள் கேட்டபோதும், தனிப்பட்ட விளம்பரங்களைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை என்பதே பதில். அதற்கு முந்தைய அக்டோபரில்தான் அந்த நாளிதழின் உரிமையாளர் ஜெஃப் பெசோஸ், அதிபர் தேர்தலில் யாருக்கும் ஆதரவு எழுத வேண்டாம் என்று முடிவெடுத்து, ஆசிரியர் குழு எழுதி வைத்திருந்த தலையங்கம் வெளிவராமல் போயிருந்தது. இரண்டையும் ஒரே நூலில் கோத்துவிட மனம் துடிக்கிறது. கோக்கலாமா கூடாதா என்று முடிவுசெய்ய என் கையில் எதுவுமில்லை. என்னை உறுத்துவது அந்த இல்லாமைதான்.

மறுத்ததே தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. நாளிதழின் பெயரும் அன்றைய முதன்மைச் செய்தியும் அதன் முகம். அந்த முகத்தை எவருக்கும் வாடகைக்கு விடமாட்டோம் என்று ஓர் ஆசிரியர் சொல்வாரானால் அவரை வணங்குவேன். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் நகைக்கடைத் தாள் ஒன்று, துணிக்கடைத் தாள் ஒன்று என்று புரட்டிய பிறகே நம் நாளிதழ்களின் பெயரைப் பார்க்கக் கிடைக்கிறது. தேர்தல் நாட்களில் கட்சித் தலைவர்களின் முகங்கள் அந்த இடத்துக்கு வந்துவிடுகின்றன. ஆனால் ‘போஸ்ட்’ சொன்னது அந்தக் கொள்கையை அல்ல. அதற்கு முந்தைய மாதம் எரிபொருள் உற்பத்தியாளர் சங்கம் ஒன்று ட்ரம்பை ஆதரித்துக் கொடுத்த ஜாக்கெட் அங்கே வந்திருந்ததை ‘காமன் காஸ்’ சுட்டிக்காட்டியது. ஆக, முகம் வாடகைக்கு உண்டு. உள்பக்கத்தில் போடச் சம்மதித்ததால் அந்தச் சொற்கள் அச்சிடத் தகாதவை என்றும் ஆகாது. அதே சொற்கள் உள்ளே வரலாம், வெளியே வரக்கூடாது. அதே வெளியிடத்தில் வேறு சொற்கள் வரலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு காரணம் இருந்தாக வேண்டும். அது நல்ல காரணமாகவே இருக்கலாம். மஸ்க்கின் படத்தைப் பயன்படுத்துவதில் வழக்கறிஞர் ஏதேனும் சிக்கலைக் கண்டிருக்கலாம். வடிவமைப்பு நாளிதழின் சொந்தக் குரல்போலத் தோன்றுகிறது என்று யாராவது தயங்கியிருக்கலாம். அல்லது, அந்தப் பிரதிகள் போய்ச் சேரும் மேசைகளை நினைத்து ஒருவருக்கு வயிற்றைக் கலக்கியிருக்கலாம். வாசகர் எதை நம்புவது?

சட்டம் இந்த இடத்தில் தெளிவாகவே இருக்கிறது. 1972இல் ஃபுளோரிடா சட்டமன்றத் தேர்தலில் நின்ற டோர்னில்லோ என்ற ஆசிரியர் சங்கத் தலைவரை ‘மயாமி ஹெரால்டு’ தலையங்கங்களில் தாக்கியது. தாக்கப்பட்ட வேட்பாளருக்குப் பதில் சொல்ல இலவசமாக இடம் தரவேண்டும் என்று 1913ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் ஒன்று இருந்தது. அவர் கேட்டார், நாளிதழ் மறுத்தது. 1974இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக நாளிதழின் பக்கம் நின்றது: எதை அச்சிடுவது, எதை விடுவது என்பது ஆசிரியரின் தீர்மானம், அதில் அரசு கைவைக்க முடியாது. அதற்கு முந்தைய ஆண்டு, வியட்நாம் போரை எதிர்த்த தொழிலதிபர்கள் ஒரு நிமிட வானொலி விளம்பரங்களுக்குக் காசு நீட்டியும் வாஷிங்டன் நிலையம் ஒன்று வாங்க மறுத்த வழக்கில், மறுக்க நிலையத்துக்கு உரிமை உண்டு என்றே பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். பிரென்னனும் மார்ஷலும் மட்டும் ஒப்பவில்லை. பொருள் விற்க வருபவருக்குத் திறக்கும் அலைவரிசை, போரைப் பற்றிப் பேச வருபவருக்கு ஏன் மூடிக்கொள்கிறது என்று அவர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வி நீதிமன்றத்தில் தோற்றது, என்னிடம் தோற்கவில்லை. ஆனாலும் டோர்னில்லோ தீர்ப்பை நான் ஏற்கிறேன். இந்தக் கட்டுரை வரும் இதழைப் போன்ற ஒரு சிறுபத்திரிகையை எண்ணிப் பார்க்கிறேன். பின்னட்டையில் ஒரு பதிப்பகமோ, ஆசிரியரின் நண்பர் நடத்தும் அச்சகமோ கொடுத்த விளம்பரம். பல சமயம் அதுவும் கிடையாது. அந்தப் பின்னட்டையைக் காசு கட்டிய சாதிச் சங்கத்துக்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்று ஒரு சட்டம் வந்தால், அந்த இதழ் அத்துடன் நின்றுபோவதே அதற்கு மரியாதை. மறுக்க முடியாத ஆசிரியர் ஆசிரியரே அல்ல.

அப்படியிருந்தும் 1960 மார்ச் 29ஆம் தேதி ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழின் ஒரு பக்கத்துக்கே மனம் மறுபடி மறுபடி போகிறது. எழும் குரல்களுக்குச் செவிகொடுங்கள் என்று தலைப்பிட்ட முழுப்பக்க விளம்பரம். மார்ட்டின் லூதர் கிங்கின் வழக்குச் செலவுக்கும் தென்மாநிலக் கறுப்பின மாணவர்களின் போராட்டத்துக்கும் நிதி கேட்டு ஒரு குழு வெளியிட்டது. விலை சுமார் 4,800 டாலர். அந்த நாளிதழில் விளம்பரங்களை ஏற்பதா மறுப்பதா என்று பார்ப்பதற்கென்றே ஒரு பிரிவு இருந்தது. தொழிற்சங்கத் தலைவர் ஏ. பிலிப் ராண்டால்ஃபின் கடிதம் கூடவே வந்திருந்தது. கீழே பெயர் கொடுத்திருந்தவர்கள் நாடறிந்தவர்கள். சந்தேகிக்கக் காரணம் தெரியவில்லை என்று பிரிவின் மேலாளர் ஏற்றுக்கொண்டார். அந்தச் சம்பவங்களைப் பற்றி அவர்களுடைய நாளிதழே வெளியிட்ட செய்திகள் கோப்பில் இருந்தன. அவற்றை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பிழைகள் அகப்பட்டிருக்கும். மாணவர்கள் சட்டமன்றப் படிகளில் பாடியதாக விளம்பரம் சொன்னது ஒரு பாட்டு, அவர்கள் பாடியது தேசிய கீதம். கிங் ஏழு முறை கைதானதாகச் சொன்னது, நான்கு முறைதான். கல்லூரி உணவுக்கூடத்தைப் பூட்டியதாகச் சொன்னது, பூட்டவில்லை. அன்று அச்சான சுமார் 6,50,000 பிரதிகளில் அலபாமாவுக்குப் போனவை 394. மான்ட்கோமரி நகரத்தில் காவல்துறைப் பொறுப்பில் இருந்த ஆணையர் சல்லிவன், தன் பெயர் எங்குமே வராத அந்த விளம்பரம் தன்னை அவமதித்துவிட்டது என்று வழக்குப் போட்டார். உள்ளூர் ஜூரி 5,00,000 டாலர் கொடுக்கச் சொன்னது. விளம்பரத்தின் கீழே தங்கள் பெயர் இருப்பதே தெரியாமலிருந்த நான்கு கறுப்பினப் போதகர்களையும் சேர்த்தே இழுத்தார்கள். அவர்களுடைய கார்களைப் பறித்து ஏலம் விட்டார்கள்.

1964இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைக் கவிழ்த்தது. அதிகாரத்தில் இருப்பவரைப் பற்றி எழுதும்போது நேரும் பிழை, பொய் என்று தெரிந்தே எழுதியதோ உண்மையைப் பற்றிய அக்கறையே இல்லாமல் எழுதியதோ ஆகாதவரை தண்டனைக்குரியதல்ல என்றது. அமெரிக்கப் பத்திரிகையாளர் அறுபது ஆண்டுகளாகச் சாய்ந்து நிற்கும் சுவர் இது. எந்தச் செய்தியாளரின் கட்டுரையும் அந்தச் சுவரை எழுப்பவில்லை, காசு கொடுத்துப் போட்ட விளம்பரம் ஒன்று எழுப்பியது. தீர்ப்பில் பிரென்னன் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறார். இப்படிப்பட்ட விளம்பரங்களுக்குப் பாதுகாப்பு இல்லையென்றால் நாளிதழ்கள் அவற்றை வாங்கப் பயப்படும். சொந்தமாக அச்சகமோ பத்திரிகையோ இல்லாதவர்கள் பேசுவதற்கான முக்கியமான வாசல் அடைபட்டுவிடும். அந்த மேலாளரை நினைத்துக்கொள்கிறேன். அவர் இன்னும் கொஞ்சம் கறாரானவராக இருந்து, கோப்பைப் புரட்டி, பிழைகளைக் கண்டு, இதைப் போட முடியாது என்று திருப்பியிருந்தால் அதை யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. தொழில் தர்மப்படி அதுவே சரியும்கூட. வழக்கு இருந்திருக்காது, தீர்ப்பும் இருந்திருக்காது, மறுத்ததாக ஒரு சுவடும் இருந்திருக்காது. நீதிபதி பிளாக் தன் தனிக்குறிப்பில் எழுதியபடி, அந்தச் சமயத்தில் அலபாமாவில் மட்டும் ‘டைம்ஸ்’ மீது பதினொரு அவதூறு வழக்குகள், மொத்தம் 56 லட்சம் டாலர் கேட்டு நிலுவையில் இருந்தன. இவ்வளவு வழக்குகளுக்குப் பிறகு அடுத்த விளம்பரம் மேசைக்கு வரும்போது அதே மேலாளரின் கை என்ன செய்திருக்கும்? பயந்து மறுப்பதும் பொறுப்போடு மறுப்பதும் அந்த மேசையில் ஒரே கையெழுத்தில்தான் நடக்கின்றன. வெளியே இருப்பவருக்கு வேறுபாடு தெரிய வழியில்லை.

இப்படியே யோசித்துப் போனால் எல்லாவற்றையும் போட்டுவிடுங்கள் என்று முடித்துவிடுவேனோ என்று பயம் வருகிறது. அங்கே என்னைத் தடுத்து நிறுத்துவது வேறொரு விளம்பரம். 1991இல் யூத இனப்படுகொலை நடந்ததே கேள்விக்குரியது என்று சொல்லும் முழுப்பக்க விளம்பரத்தை ஒருவர் அமெரிக்கக் கல்லூரிப் பத்திரிகைகளுக்கு அனுப்பத் தொடங்கினார். பல பத்திரிகைகள் மறுத்தன. டியூக் பல்கலைக்கழகத்தின் ‘குரோனிக்கிள்’ உள்ளிட்ட சில, கருத்துரிமையின் பெயரால் வெளியிட்டன. வரலாற்றாசிரியர் டெபோரா லிப்ஸ்டாட் இதைப் பற்றி எழுதியபோது சொன்ன வாதத்துக்கு இன்றுவரை என்னிடம் மறுமொழி இல்லை. அரசியல் சட்டம் அரசின் கையைத்தான் கட்டுகிறது, எந்தப் பத்திரிகையையும் எதையும் அச்சிடச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை. நடந்த கொலையை நடக்கவில்லை என்பதை ஒரு ‘கருத்து’ என்று ஏற்றுக்கொள்வதே முதல் தோல்வி. காலைச் சிற்றுண்டிக் கூடத்தில், முட்டை வாசனைக்கும் காபி ஆவிக்கும் நடுவே, தன் பாட்டியின் குடும்பம் எரிக்கப்படவேயில்லை என்று படிக்கும் ஒரு பத்தொன்பது வயதுப் பிள்ளைக்குப் பேச்சுரிமையின் மேன்மையை எடுத்துச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் டியூக்கில் அந்த விளம்பரம் வந்த பிறகு வரலாற்றுத் துறையினர் சேர்ந்து மறுப்பு எழுதி அதே பத்திரிகையில் வெளியிட்டார்கள் என்பதும் நினைவுக்கு வருகிறது. படிக்கும் பிள்ளைகளுக்கு அந்த மறுப்பு ஒரு பாடமாக இருந்திருக்கும். அதற்காக அந்தப் பாட்டியை விலையாகக் கொடுக்கலாமா என்றால், கூடாது என்றே தோன்றுகிறது.

2001இல் வலதுசாரி எழுத்தாளர் டேவிட் ஹோரோவிட்ஸ் அடிமைமுறைக்கு இழப்பீடு தருவது தவறு என்று பத்துக் காரணங்களை அடுக்கிக் கல்லூரிப் பத்திரிகைகளுக்கு விளம்பரம் அனுப்பினார். இது முந்தையதைப் போலப் பொய் அல்ல, வாதம். பலரைக் காயப்படுத்திய வாதம். பெரும்பாலான பத்திரிகைகள் வாங்கவில்லை. பெர்க்லியின் மாணவர் நாளிதழ் வெளியிட்டுவிட்டு மன்னிப்புக் கேட்டது. பிரவுன் பல்கலைக்கழகத்தில் வெளியிட்ட ஆசிரியர்கள் மன்னிப்புக் கேட்க மறுத்தார்கள். கோபம்கொண்ட மாணவர்கள் அடுக்கி வைத்திருந்த பிரதிகளை ஏறக்குறைய மொத்தமாக அள்ளிக்கொண்டு போனார்கள். பிரின்ஸ்டனில் நடந்ததுதான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. ‘டெய்லி பிரின்ஸ்டோனியன்’ விளம்பரத்தை வெளியிட்டது. கூடவே அதே இதழில், இந்தக் கருத்துகளை நாங்கள் இழிவானவையாகக் கருதுகிறோம், இந்தப் பணத்தை வைத்துக்கொள்ள மாட்டோம், கறுப்பின மக்களுக்காக உழைக்கும் ‘அர்பன் லீக்’ அமைப்புக்குக் கொடுத்துவிடுவோம் என்று தலையங்கம் எழுதியது. ஹோரோவிட்ஸ் பணம் கட்ட மறுத்துவிட்டார். தன் பேச்சுக்கு இடம் கேட்டு வந்தவருக்கு, அதே தாளில் அதற்கு எதிராக எழுந்த பேச்சைப் பொறுக்க முடியவில்லை. இருபது வயதுப் பிள்ளைகள் எடுத்த முடிவு அது. வெளியிட்டதும் சரியா, எனக்கு முழு நிச்சயம் இல்லை. தங்கள் காரணத்தை வாசகர் கண்ணெதிரே விரித்து வைத்தார்களே, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மறுத்திருந்தாலும் அவர்கள் அதே தலையங்கத்தை எழுதியிருக்க முடியும்.

இவ்வளவையும் பேசும்போது, மறுப்பதற்கு முன்பே மறுத்துவிடும் ஒன்றை ஒதுக்கி வைத்துவிட முடியாது: ரேட் கார்டு என்னும் விளம்பர விலைப்பட்டியல். 2007 செப்டம்பரில் ‘மூவ் ஆன்’ என்ற போர் எதிர்ப்பு அமைப்பு, ஈராக்கில் அமெரிக்கப் படைகளுக்குத் தலைமை வகித்த தளபதி பெட்ரேயஸைத் தாக்கி ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழில் முழுப்பக்கம் போட்டது. வாங்கிய விலை 64,575 டாலர். குறிப்பிட்ட நாளில் வருவதை உறுதிப்படுத்தும் விளம்பரத்துக்கு 1,42,083 டாலர் வாங்கியிருக்க வேண்டும் என்பது பிறகு தெரிந்தது. அந்த விளம்பரம் நாளிதழின் சொந்த விளம்பர நெறிகளையே மீறியது என்று நாளிதழின் வாசகர் பிரதிநிதியே எழுதினார். அமைப்பு மீதியைக் கட்டியது. சர்ச்சை தள்ளுபடியைப் பற்றியே சுழன்றது. தள்ளுபடி விலையாவது கொடுக்க யாரால் முடியும் என்று பார்க்கும்போது பிரென்னன் சொன்ன வாசலின் அகலம் புரிகிறது. நம் நாளிதழ்களில் ஏழைக்குத் திறந்திருப்பவை வரி விளம்பரங்களும் நினைவஞ்சலிக் கட்டங்களும்தான். அவற்றில் ஒன்று இந்த நாட்டின் பத்திரிகை வரலாற்றில் நிற்கிறது. நெருக்கடி நிலை அறிவித்த மூன்றாம் நாள், 1975 ஜூன் 28 அன்று, பம்பாய் ‘டைம்ஸ் ஆஃப் இந்தியா’வின் மரண அறிவித்தல் பகுதியில் ஒருவர் ஜூன் 26இல் காலமானதாகச் சில வரிகள் வந்தன. இறந்தவரின் பெயரைச் சேர்த்துப் படித்தால் ஜனநாயகம். மனைவி உண்மை, பிள்ளை சுதந்திரம், உடன்பிறப்புகள் நம்பிக்கையும் நீதியும். தலையங்கங்கள் தணிக்கையாளரின் மேசையில் கிடந்த நாளில், விளம்பரக் கவுன்டரில் ஓர் எழுத்தர் வரிகளை எண்ணி, காசை வாங்கிக்கொண்டு அச்சுக்கு அனுப்பினார். அதே நாள் ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ தலையங்கத்துக்குரிய இடத்தை வெற்றாக விட்டது. அரசுக்கு அந்த வெற்றிடம் பொறுக்கவில்லை. பின்னால் வந்த தணிக்கை விதிகள், பக்கத்தில் வெற்றிடம் விடுவதையே தடுத்தன. எதை எடுத்தார்கள் என்று தெரியாமல் எடுப்பதில்தான் தணிக்கையின் வலு இருக்கிறது என்பதை அந்த அதிகாரிகள் நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள். அரசு தடைசெய்த புத்தகத்துக்குக்கூட ஓர் ஆணை எண் உண்டு. கவுன்டரில் திருப்பிய விளம்பரத்துக்கு எதுவும் இல்லை. அந்த இடத்தில் மறுநாள் ஒரு குளிர்பதனப் பெட்டி இருக்கும், வாசகர் புரட்டிவிட்டுப் போவார்.

தனியார் நாளிதழிடம் எப்படிக் காரணம் கேட்பது என்ற கேள்விக்கு நம் உச்ச நீதிமன்றத்தின் 1992ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று பாதி வழி காட்டுகிறது. பாலிசிதாரர்களை எல்.ஐ.சி. வஞ்சிக்கிறது என்று அகமதாபாத் பேராசிரியர் மனுபாய் ஷா ஓர் ஆய்வறிக்கை எழுதினார். எல்.ஐ.சி. அதிகாரி ஒருவர் ‘தி இந்து’வில் மறுத்து எழுத, ஷாவின் பதிலையும் ‘தி இந்து’ வெளியிட்டது. எல்.ஐ.சி. தன் சொந்தப் பத்திரிகையான ‘யோகக்ஷேமா’வில் அதிகாரியின் கட்டுரையை மட்டும் எடுத்துப் போட்டு, ஷாவின் பதிலைப் போட மறுத்தது. அது எங்கள் நிறுவனத்தின் உள்பத்திரிகை என்று சொல்லிப் பார்த்தது. பொதுமக்கள் பணத்தில் நடக்கும் அரசு அமைப்பு அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது, போட்டாக வேண்டும் என்றது நீதிமன்றம். தனியார் நாளிதழை இந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது. கட்டுப்படுத்தவும் வேண்டாம். ஆனால் நம் நாளிதழ்கள் பலவற்றின் வருமானத்தில் அரசு விளம்பரங்களுக்கு இருக்கும் பங்கை அறிந்தவர்கள், தனியார் என்பது எதுவரை தனியார் என்று கேட்கவே செய்வார்கள். 2019 ஜூனில், மத்திய அரசு ‘தி இந்து’ உள்ளிட்ட சில குழுமங்களுக்கு விளம்பரம் தருவதை நிறுத்திவிட்டதாகச் செய்திகள் வந்து நாடாளுமன்றத்திலும் பேச்சானது. அப்படியொரு கயிறு தலைக்கு மேலே தொங்கும்போது, எதிர்க்குரல் விளம்பரம் ஒன்றைத் திருப்பி அனுப்புவது ஆசிரியரின் தீர்மானமா, கணக்குப் பிரிவின் தீர்மானமா? பத்திரிகையில் வரும் விளம்பரங்களுக்கும் ஆசிரியரே பொறுப்பு என்று பிரஸ் கவுன்சிலின் நெறிமுறை சொல்கிறது. வருவதற்குப் பொறுப்பு உண்டென்றால் வராததற்கும் கொஞ்சம் இருக்க வேண்டாமா?

நான் கேட்பது பெரிய விஷயம் அல்ல. அரசியல் விளம்பரம் ஒன்றை மறுக்கும் நாளிதழ், யாருடையதை மறுத்தோம், ஏன் மறுத்தோம் என்று தன் வாசகருக்கு நான்கு வரி எழுதட்டும். சட்டம் போட்டு எழுத வைக்க வேண்டாம். அது டோர்னில்லோ வழக்கில் தோற்ற அதே கட்டாயம்தான். ஆசிரியர்கள் தாங்களாகவே வழக்கமாக்கிக்கொள்ள வேண்டியது இது. இதற்கும் எதிராகப் பேச இருக்கிறது, எனக்கே தெரிகிறது. வழக்கறிஞர்கள் ‘எங்கள் விளம்பரக் கொள்கைக்கு ஏற்றதல்ல’ என்ற ஒரே வரியைத் தயாரித்துக் கொடுத்துவிடுவார்கள். படுகொலையை மறுக்கிறவர் அந்த நான்கு வரியையே இலவச விளம்பரமாக்கிக்கொள்வார். அவருக்கு எழுதும் நான்கு வரியில் அவருடைய பொய்யைப் பொய் என்று சொல்லும் துணிவும் இருக்க வேண்டும். பல நாள் இந்த ஆட்சேபங்களைச் சுமந்து பார்த்தேன், கோரிக்கையைக் கைவிட மனம் வரவில்லை. மஸ்க் விளம்பரத்துக்கு இது தேவைப்படாமல் போனது. ‘காமன் காஸ்’ செய்தியாளர்களை அழைத்தது, அச்சேறாத அந்தச் சிவப்புப் பக்கம் உலகெங்கும் செய்தியாகி, ஜாக்கெட் எட்டியிருக்கக்கூடியதைவிடப் பல மடங்கு கண்களை எட்டியது. மறுப்பை யாரும் மூடி மறைத்துவிட முடியாது என்று இதை வைத்துச் சிலர் ஆறுதல் சொல்கிறார்கள். வாஷிங்டனில் அலுவலகமும் ஊடகத் தொடர்பாளரும் உள்ள அமைப்புக்கு அது சரி. ஆலைக் கழிவு கலந்த ஏரியைப் பற்றிக் கால்பக்கம் வாங்க ஒரு கிராமத்தார் வீட்டுக்கு வீடு வசூல் செய்து மாவட்டப் பதிப்பின் விளம்பரப் பிரிவுக்குப் போய், அந்த ஆலையும் அங்கே விளம்பரதாரர் என்பதால் “மேலிடத்தில் வேண்டாம்னுட்டாங்க ஐயா” என்ற வாய்ச்சொல்லோடு திரும்பினால் அது எந்த நாளிதழிலும் செய்தியாகாது. அந்த மேலிடம் யார், எதற்காக வேண்டாமென்றது என்பதை அந்த ஊரார் எழுத்தில் கேட்டு வாங்க முடிய வேண்டும்.